ஐப்பசி மழைக்கு முன்னே

அன்பு மகனுக்கு அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போறதை நிறுத்தல. நீ போன் எடுத்து ஒரு மாசம் தாண்டிருச்சு. வேலை இருக்கும்.

நேத்து ஊத்துத் தண்ணி விழுற மேல் பீலியில வாளியை வச்சுப் பார்த்தேன். 10 லீட்டர் வாளி நிறைய 9 நிமிஷம். மூங்கில் நுனியில தண்ணி நூலாத்தான் இறங்குது. தோட்டத்து லயத்துக் குடமெல்லாம் விடிய முன்னமே வரிசையில நிக்குது. இங்கயே இப்படின்னா, வவுனியாவுல உங்க குளம் அடிச்சேறு வெடிச்சுக் கிடக்கும்.

ஐப்பசி மழை விழ முன்ன கூரை வேலையை முடிச்சிரு. உன் வீட்டுத் தகரக் கூரை 20 அடிக்கு 20 அடி. ஒரு அங்குல மழைக்கு 900 லீட்டருக்கு மேல விழும், சிந்துறது போக 750 லீட்டராவது பிடிக்கலாம். குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லீட்டர்னா நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 20. மழையில்லாத 150 நாளைக்கு 3,000 லீட்டர். 5,000 லீட்டர் தாங்கி ஒண்ணு தாராளம். முதல் மழையை முழுசா வெளிய விடு, கூரையில இருக்கிற தூசியும் குருவி எச்சமும் அதோட போகட்டும். பிறகு ஒவ்வொரு மழைக்கும் முதல் கால் மணி நேரத்துத் தண்ணியைத் தாங்கிக்குள்ள விடாத. வாய்க்கு நுளம்பு வலை கட்டு. வெயில் உள்ள போனா பாசி பிடிக்கும், மூடி இறுக்கமா இருக்கணும். பைப்பை அடியில இருந்து அரை அடி உயரத்துல வை, மண்டி அடியிலயே தங்கிரும்.

கிணத்துத் தண்ணியைக் குடிக்காத. கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம்னு மருமகள் சொன்னா. கொதிச்சா கிருமி சாகும், தண்ணியில கரைஞ்சிருக்கிற புளோரைட் உப்பு போகாது. தண்ணி வத்த வத்த அது கூடத்தான் செய்யும். கேத்தல் அடியில வெள்ளையாப் படியுதே, அதைப் பார்த்தாலே தெரியும் எவ்வளவு கடினத் தண்ணின்னு. கூரைத் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடி. பிள்ளைகளுக்கும் அதையே குடு.

குளத்தை மிஷின் போட்டுத் தோண்டப் போறாங்கன்னு தங்கச்சி சொன்னா. கூட்டத்துல நீ எழும்பிப் பேசு. வயலுக்குத் தண்ணி திறந்து விடுற துருசு மட்டத்துக்குக் கீழ எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணி தானா வயலுக்குப் பாயாது. குளக்கட்டோரமா ஆழமாத் தோண்டினா அடியில இருக்கிற களி உடைஞ்சு தண்ணி கசிஞ்சு போயிரும். மேல்பக்கம் சேர்ந்த வண்டலை மட்டும் எடுக்கணும். எடுத்த மண்ணை அங்கயே குவிச்சு வச்சா, அடுத்த மழையில திரும்ப உள்ள வந்திரும்.

இன்னொண்ணும் சொன்னா. கட்டுக்குக் கீழ, வயலுக்கு மேல இருக்கிற மரக்காட்டை வெட்டி அரை ஏக்கர் சேர்க்கப் போறியாமே. வேணாம் தம்பி. சிங்கள ஊர்கள்ல அதைக் கட்டகடுவன்னு பேர் வச்சே காப்பாத்தினாங்க. கட்டு வழியாக் கசியிற தண்ணியில உப்பு வரும். அதை அந்த மரமும் செடியும் வாங்கிக்கும். காடு போனா போகப் போக மேல் வயல்ல உப்பு வெள்ளையாப் பூக்கும், நெல் மஞ்சளிக்கும். அதே மாதிரி குளத்து மேல்கரை மருதமரத்தையும் தொடாத. காத்தை அதுதான் தடுக்குது, காத்து அடிச்சா குளத்துத் தண்ணி சீக்கிரம் வத்தும். மரத்துக்குக் கீழ இருக்கிற கோரையும் புல்லும்தான் வண்டலை வடிக்குது. மேல இருக்கிற சின்னக் குளத்தையும் தூர்க்க விடாத. அது உடைஞ்சா வர்ற வெள்ளம் உங்க கட்டுலதான் வந்து மோதும்.

இதைச் சொல்ல எனக்கு வாய் இல்ல. மேல் பீலிக்கு மேல நின்ன காட்டை வெட்டினதுல என் கத்தியும் இருந்துச்சு. ரெண்டு நாள் கைக்காசு, கூட விறகு. அந்த இடத்துல டேர்பன்டைன் மரக்கண்டு வைக்கச் சொன்னாங்க, அதையும் நானே குழி வெட்டி வச்சேன். ஊத்துக்கண் இருக்கிற இடம் எனக்குத் தெரியும், உன் தாத்தா காட்டிக் குடுத்த இடம். தெரிஞ்சுதான் வச்சேன். அந்த மரம் தண்ணி உறிஞ்சும்னு அப்பவும் எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு உங்க அம்மா விடிய நாலு மணிக்குக் குடத்தோட போறது அதனாலதான். உன்கிட்ட இதைச் சொன்னதே இல்ல.

சின்னத்தாத்தா 1977 இனக் கலவரத்துல கையில ஒரு போர்வையோட போய்ச் சேர்ந்த மண்ணு அது. லயத்துல பிறந்த பிள்ளை குளத்துக்குக் கீழ சொந்த வயல்ல நிக்கிறான்னு நான் சொல்லாத ஆள் இல்ல. அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஒரு வார்த்தை பேச முடியாதா?

தங்கச்சியைக் கோவிக்காத, நான்தான் தோண்டிக் கேட்டேன். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்களாம். மதவாச்சிப் பக்கம் எத்தனை பேரை அந்தச் சிறுநீரக வருத்தம் கொண்டு போச்சுன்னு உனக்குத் தெரியும். இதுதான் காரணம்னு டொக்டர்மாரே இன்னும் ஒண்ணைக் காட்டிச் சொல்லல. ஆரம்பத்துல வலியும் இருக்காது, வயல்ல வேலை செஞ்ச அலுப்புன்னு இருந்திருவ. சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் எத்தனைன்னு துண்டுல எழுதியிருக்கும். அந்த நம்பரை மட்டும் தங்கச்சி போனுக்கு அனுப்பு. தாங்கிக்கு எவ்வளவு குறையுதுன்னும் சேர்த்து எழுது, சீட்டுக்காசு இந்த மாசம் எடுக்கிறேன்.

அப்பா