அப்பாவுக்கு, ஸ்பிரிங் விஷயமும் சைட் விஷயமும்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க லெட்டர் வந்துச்சுப்பா. போன்ல எவ்ளோ கத்துனாலும் உங்களுக்கு பாதி தான் காதுல விழுதுன்னு தங்கச்சி சொன்னா, அதனால நானும் எழுதிடுறேன். கண்ணாடி போட்டுட்டு நிதானமா படிங்க, அம்மாவுக்கும் படிச்சு காட்டுங்க, கடைசில சைட் விஷயம் வரும், அத மட்டும் நீங்க தனியா படிச்சுக்கோங்க.

நான் நல்லா இருக்கேன். போட்டோல இளைச்ச மாதிரி தெரியுதுன்னு அம்மா சொன்னாங்களாம், அது குளிர் ஜாக்கெட்ட கழட்டிட்டு எடுத்த போட்டோ, அதான் அப்படி தெரியுது. வீடு மாத்திட்டேன், அதே தெருவுல தான், இப்ப கீழ பேஸ்மென்ட்ல இருக்கேன், மேல விட இங்க கதகதன்னு இருக்கு. காரையும் குடுத்துட்டேன், இந்த குளிர்ல காரை வச்சு கட்டி மேய்க்கறது வீண் வேலை, மில்லு நடக்கிற தூரம் தான். மில்லுல ஷிஃப்ட் கொஞ்சம் குறைச்சிருக்காங்க, நல்லா ரெஸ்ட் கிடைக்குது. நேத்து காலைல மைனஸ் 34. மூக்குக்குள்ள இருக்கிற முடியே விறைச்சு குத்தும், கதவு கைப்பிடிய வெறுங்கையால தொட்டா தோல் ஒட்டிக்கும். கனடால இந்த வடக்கு ஒன்டாரியோல இதெல்லாம் ஒரு குளிராங்கற மாதிரி தான் பேசறாங்க.

அந்த போட்டோல இருக்கிற பனி வண்டிக்கு சக்கரம் எங்கடான்னு கேட்டிருந்தீங்க. சக்கரம் இல்லப்பா. முன்னாடி ரெண்டு ஸ்கீ, சறுக்குப் பலகை மாதிரி, ஹேண்டில் திருப்புனா அது திரும்பும். பின்னாடி அகலமா ஒரே ஒரு ரப்பர் டிராக், புல்டோசர் செயின் மாதிரி சுத்திகிட்டே வண்டிய தள்ளும். அந்த டிராக்குக்கு உள்ள தான் பின் சஸ்பென்ஷன் முழுக்க ஒளிஞ்சிருக்கு, ரெண்டு நீள ரெயில், அதுக்கு மேல முன் கை ஒண்ணு பின் கை ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனி ஷாக் அப்சார்பர். கியர் கிடையாது, ஸ்கூட்டில வர்ற பெல்ட்டும் வேரியேட்டரும் தான். ஸ்னோமொபைல்னு பேரு, இங்க எல்லாரும் ஸ்லெட்னு தான் சொல்வாங்க.

வண்டி என்னுது இல்ல, பக்கத்து வீட்டுக்காரரோடது. அவர பத்தி தங்கச்சிகிட்ட சொல்லிருக்கேன், அந்த ஃப்ரெஞ்சுக்கார பெருசு. நாய்கிட்ட ஃப்ரெஞ்சுல மணிக்கணக்கா பேசுவாரு, மனுசங்ககிட்ட இங்கிலீஷ்ல நாலு வார்த்தைக்கு மேல வராது. கேரேஜ் கதவ தெறந்து போட்டுட்டு மைனஸ் 25ல உள்ள உக்காந்திருப்பாரு, சுவத்துல தினம் பென்சில்ல டெம்பரேச்சர் எழுதி வைப்பாரு, எந்த வருசத்துல ஆரம்பிச்சாரோ, சுவர் முழுக்க நம்பர் தான். நான் கேக்காமலே என் வாசல் பனிய தள்ளிட்டு போவாரு, நன்றி சொன்னா காது கேக்காத மாதிரி திரும்பிக்குவாரு. (உங்களுக்கும் அவருக்கும் நல்லா ஒத்துப்போகும்.) ஆளு 130 கிலோ. பனி டிரெஸ், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டா 140ஐ தாண்டும்.

அவர் பிரச்சனை என்னன்னா, வண்டி கம்பெனில இருந்து வர்றப்ப சாதாரண எடைக்கு தான் செட்டிங் வச்சு வரும். இவர் உக்காந்தா பின்னாடி அப்படியே அமுங்கிடும். இங்க டிரெயில்னு காட்டுக்குள்ள பாதை இருக்கு, க்ளப்காரங்க ராத்திரில பெரிய மெஷின் வச்சு பனிய சமப்படுத்துவாங்க, ராத்திரி குளிர்ல அது இறுகி ரோடு மாதிரி ஆயிடும். ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போனீங்கன்னா ஓடுன வண்டியெல்லாம் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் அழுத்தி அழுத்தி வரிசையா மேடு விட்ருக்கும், மோகல்னு சொல்வாங்க. அதுல இவர் வண்டி ஒவ்வொரு மேட்டுக்கும் டமார் டமார்னு அடில போய் முட்டும். திருப்பத்துல ஹேண்டில் திருப்புனா வண்டி திரும்பாம நேரா போகும். இவர் என்ன பண்ணிருக்காரு, முன்னாடி பிடி இல்லைன்னு நெனச்சு ஸ்கீ ஸ்பிரிங்க கடைசி வரை டைட் வச்சிட்டாரு. அப்புறம் ஸ்கீ மத்த வண்டி தடத்துல போய் மாட்டி இங்கயும் அங்கயும் இழுக்க ஆரம்பிச்சு, தோள்பட்டை வலின்னு உக்காந்துட்டாரு.

எனக்கு எங்க பிடிபட்டுச்சுன்னா, ஒருநாள் ராத்திரி அவர் எதிர்ல வர்றாரு, ஹெட்லைட் ரோட்டுல விழல, பைன் மரத்தோட உச்சியில அடிக்குது! பின்னாடி உக்காந்துடுச்சு, மூக்கு தூக்கிடுச்சு, ஸ்கீ மேல எடையே இல்ல, அப்புறம் எப்படி திரும்பும். நோய் பின்னாடி இருக்கு, இவர் முன்னாடி மருந்து போட்டுட்டு இருந்திருக்காரு.

நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி தான் டேப்ப எடுத்தேன். பின் பம்பர தூக்கி சஸ்பென்ஷன் முழுசா நீண்டப்புறம் தரையிலேர்ந்து அளந்தோம், அப்புறம் அவர் எல்லா டிரெஸ்ஸும் போட்டு ஏறி ரெண்டு குலுக்கு குலுக்கி உக்காந்தாரு, திரும்ப அளந்தோம். வண்டி மொத்தம் எவ்ளோ இறங்குமோ அதுல மூணுல ஒரு பங்கு தான் ஆள் உக்காந்தா இறங்கணும்னு ஒரு கணக்கு, இவருக்கு பாதிய தாண்டிடுச்சு. பின்னாடி ரெண்டு பக்கமும் டார்ஷன் ஸ்பிரிங் இருக்கு, முறுக்கு கம்பி, அதோட கால் ஒரு படிப்படியான கட்டை மேல நிக்கும், கட்டையத் திருப்புனா ப்ரீலோடு, அதாவது ஆள் ஏறுறதுக்கு முன்னாடியே ஸ்பிரிங்க முறுக்கி வைக்கிற அளவு, ஏறும். கடைசி படி வரைக்கும் திருப்பியும் பத்தல. ப்ரீலோடு ஏத்துனா வண்டி நிக்கிற உயரம் தான் மாறும், ஸ்பிரிங்கோட பலம் மாறாதுன்னு புல்லட்டுக்கு எத்தன பேர்கிட்ட நீங்க சண்டை போட்டிருக்கீங்க, அதே வசனத்த நான் இங்கிலீஷ்ல சொன்னேன், பெருசு அஞ்சு நிமிசம் யோசிச்சிட்டு நாய்கிட்ட ஏதோ சொன்னாரு. அடுத்த வாரம் தடிமனான கம்பி ஸ்பிரிங் செட் வந்து இறங்கிடுச்சு. இடது வேற வலது வேற, மாத்தி மாட்டவே முடியாது.

ஸ்பிரிங் மாத்துனதும் ஸ்கீக்கு எடை தானா திரும்ப வந்துடுச்சு, அதனால அவர் முறுக்கி வச்ச ஸ்கீ ஸ்பிரிங்க எல்லாம் திருப்பி லூஸ் பண்ணேன், இழுப்பு நின்னுச்சு. முன் கைல லிமிட்டர் ஸ்ட்ராப்னு ஒரு பட்டை இருக்கு, அத சின்னது பண்ணா ஸ்கீக்கு இன்னும் பாரம் வரும், திருப்பம் கூர்மையாகும், ஆனா ரொம்ப இழுத்துட்டா முன் கைக்கு அசைய இடம் இல்லாம மேட்டுல தூக்கி அடிக்கும். அத தொடவே இல்ல. கடைசியா டிராக் டென்ஷன் பாத்து சரி பண்ணேன், இத நிறைய பேர் விட்டுடறாங்க.

ஆனா அதோட முடியல. புது ஸ்பிரிங்குக்கு பலம் ஜாஸ்தி, ஷாக்குல ரீபவுண்டு, அதாவது அமுங்குன ஷாக் திரும்ப நீள்ற வேகத்த அடக்கற பிடி, பழசு, அதனால மேட்டுல ஏறி இறங்குனதும் பின்னாடி குதிரை உதைக்கிற மாதிரி அவர தூக்கி விடுது. 140 கிலோவ தூக்கி விடுதுன்னா பாத்துக்கோங்க. ரீபவுண்டு கூட்டணும், ஆனா ரொம்ப கூட்டிட்டா ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவுல ஷாக் நீள்றதுக்கு நேரம் இல்லாம அமுங்கி அமுங்கி கடைசில கட்டையா நின்னுடும். இவர் வண்டில ரீபவுண்டுக்கு வெளிய திருகு கிடையாது, ஷாக்க கழட்டி உள்ள வால்வு மாத்தி ஆயில் ஊத்தி நைட்ரஜன் அடைக்கணும், அது அதுக்குன்னு இருக்கிற ஆளுகிட்ட தான் ஆகும். கம்ப்ரஷனுக்கு, அதாவது ஷாக் அமுங்கறப்ப இருக்கிற பிடிக்கு, மட்டும் கிளிக்கர்னு வெளிய ஒரு திருகு இருக்கு, ஒவ்வொரு கிளிக்கா ஏத்தி ஓட்டி பாத்தோம். அதுலயும் இந்த குளிர்ல ஷாக் ஆயில் தேன் மாதிரி கெட்டியாயிடும், எடுத்த உடனே ஓட்டிட்டு ஹார்டா இருக்குன்னு முடிவு பண்ணக் கூடாது, கொஞ்ச நேரம் ஓடி சூடேறுனப்புறம் தான் நிஜ குணம் தெரியும். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்து, எழுதி வை, உங்க பாலிசி தான். அவரும் சுவத்துல டெம்பரேச்சர் பக்கத்துல கிளிக் நம்பர எழுதிட்டாரு.

இப்ப ரெண்டு மூணு பேர் வந்து எங்க வண்டியையும் பாருன்னு கேக்கறாங்க, சனி ஞாயிறு சும்மா பொழுதுபோக்குக்கு பண்றேன். கைச்செலவுக்கும் ஆகுது.

ஸ்கீடூன்னு ஒரு பேர் போன ஸ்னோமொபைல் இருக்கு, அதக் கொண்டு வந்தவர் க்யூபெக்ல வால்கோர்ட் ஊர்க்காரர், ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே. அவரும் 1926ல ஒர்க்‌ஷாப் போட்டு உக்காந்த மெக்கானிக் தான். 1934 குளிர்காலத்துல அவரோட சின்ன பையனுக்கு வயித்துல சீழ் வச்சு, ரோடு பனில மூடிக் கிடந்ததால ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக முடியாம பையன் போயிட்டான். பனில ஓடுற வண்டி செய்யணும்னு அவருக்கு முன்னாடியே பைத்தியம், அதுக்கப்புறம் விடவே இல்ல, 1937ல டிராக்குக்கு பேட்டன்ட் வாங்கி, 1959ல ஸ்கீடூ வந்துச்சு. அந்த பையன் கதைய அம்மாவுக்கு படிக்காதீங்க.

இந்த வண்டிங்க நிறைய இன்னும் டூ ஸ்ட்ரோக் தான்பா. போன வாரம் பெருசு கேரேஜுக்குள்ள ஸ்டார்ட் பண்ணாரு, அந்த எரிஞ்ச ஆயில் புகை வந்துச்சு, உங்க காக்கி சட்டை வாசனை. நான் ஸ்பேனர கீழ வச்சிட்டு வெளிய வந்துட்டேன். கண்ணுல தண்ணி வந்தா இமையில ஐஸ் புடிக்குதுப்பா இங்க. பெருசு வந்து பாத்துட்டு ஒண்ணும் கேக்கல, நாய என்கிட்ட விட்டுட்டு உள்ள போயிட்டாரு. ஷட்டர் இழுக்கிற சத்தம், நீங்க எட்டு மணிக்கு கை கழுவிட்டு வர்றது, அம்மா சோப்பு பத்தாதுன்னு மண்ணெண்ணெய் எடுத்துட்டு வர்றது, எல்லாம் ஒண்ணா வந்துடுச்சு. சரி விடுங்க.

சைட் விஷயத்துக்கு வர்றேன். பெரியப்பா பாகம் பிரிக்கணும்னு கேக்கறது நியாயம் தான், அது தாத்தா சொத்து, அவருக்கும் பங்கு இருக்கு. ஆனா ஒர்க்‌ஷாப் இருக்கிற ரோட்டுப் பக்கத்த அவர் எடுத்துகிட்டு பின்பக்கத்த நமக்கு விடறதா பேசறாராமே, அதுக்கு தலையாட்டிடாதீங்க. முதல்ல சர்வேயர வச்சு அளந்து கல்லு நடச் சொல்லுங்க. வில்லங்கம் போட்டு பாருங்க, சின்னவன அனுப்புங்க, அவன் ஆன்லைன்லயே எடுத்துடுவான். வாய்ப்பேச்சுலயோ வெள்ளைப் பேப்பர்லயோ எதுவும் வேண்டாம், எழுதுனா பாகப்பிரிவினைப் பத்திரமா ரிஜிஸ்டர் ஆகணும். முழங்கால் வலிக்குதுன்னு கடைய எடுத்துடலாம்னு சின்னவன் சொல்றதையும் இப்ப கேக்காதீங்க, ஒரு பையன வேலைக்கு போடுங்க, நீங்க உக்காந்து சொல்லுங்க போதும்.

என் கையெழுத்தும் வேணும்னா நான் நேர்ல வர முடியாது, லீவு இல்ல. டொரண்டோல இந்திய துணைத் தூதரகத்துல பவர் எழுதி அட்டஸ்ட் வாங்கி அனுப்பிடுறேன், இங்கேர்ந்து பஸ்ல ஒரு நாள் முழுக்க ஆகும், ஷிஃப்ட் இல்லாத நாளா பாத்து போறேன். ஆனா பவர் உங்க கைக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள அங்க ஸ்டாம்ப் பண்ணிடணும், அதனால பத்திர எழுத்தர் வாசகத்த ரெடி பண்ணி குடுத்தப்புறம் தான் நான் கிளம்புவேன், அவசரப்படுத்தாதீங்க. பேரு சின்னவன் பேர்ல போட வேண்டாம், அம்மா பேர்ல போடுங்க, ஏன்னு உங்களுக்கே தெரியும்.

இந்த மாசம் பணம் கொஞ்சம் கம்மியா வரும், பாங்க்ல ஏதோ லேட்டு, அடுத்த மாசம் சேத்து அனுப்புறேன். உங்க முழங்கால் மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க. தங்கச்சி ஸ்கூட்டி ஷாக்குல ஆயில் ஒழுகுதுன்னு சொன்னா, சீல நீங்களே மாத்துங்க, வெளிய குடுக்காதீங்க. கம்ப்ரசரும் அந்த பழைய வைஸும் நீங்க சம்பாதிச்சு வாங்குனது, பெரியப்பா பங்குக் கணக்குல அது வரக்கூடாது, பில்லு அம்மா பீரோல மேல் தட்டுல இருக்கும், தேடி எடுத்து வைங்க.

இப்படிக்கு
உங்க பெரியவன்