தொழுகைக் காட்சி வந்தாலே குண்டு வர வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலை நாட்டு நாவல்களில் முஸ்லிம்கள் சித்தரிக்கப்படும் விதம் பற்றி உங்கள் இலக்கியப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்போது முஸ்லிம் பாத்திரங்கள் நிறைய வருகிறார்கள், நல்லவர்களாகவும் வருகிறார்கள், நிலைமை மாறிவிட்டது என்று அதில் எழுதியிருந்தீர்கள். எண்ணிக்கை கூடியது உண்மைதான். ஆனால் ஒரு நாவலில் யாராவது தொழுதால், அந்தத் தொழுகை கதைக்குள் எதற்காக வருகிறது என்றுதான் நான் பார்ப்பேன். பல நாவல்களில் அது, அடுத்து ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது என்பதற்கான அறிகுறியாக மட்டுமே வருகிறது.

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் அப்டைக் 2006-ல் எழுதிய ‘டெரரிஸ்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் பள்ளிப் படிப்பை முடிக்கும் அகமதுக்கு வயது 18, அம்மா ஐரிஷ் வழி அமெரிக்கர், எகிப்தியரான அப்பா அவன் சிறுவனாக இருந்தபோதே விட்டுவிட்டுப் போய்விட்டார். பையன் ஒழுக்கமானவன், குர்ஆன் கற்கிறான். அப்டைக் அவனை வெறுக்கவில்லை, பரிவோடுதான் எழுதியிருக்கிறார், அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் அவனுடைய பக்தி போகிற பாதை வெடிமருந்து ஏற்றிய லாரியில்தான் போய் முடிகிறது. கடைசியில் அவன் அதை வெடிக்க வைக்கவில்லை. ஆனால் அதே நேரத்தில் அவனுடைய இறைவனும் அவனை விட்டுப் போய்விடுகிறான். குண்டும் நம்பிக்கையும் ஒன்றாகவே வந்து ஒன்றாகவே போக வேண்டுமா?

பிரெஞ்சு எழுத்தாளர் மிஷெல் ஊல்பெக்கின் ‘சப்மிஷன்’ வேறு ரகம். பிரான்சில் ஒரு முஸ்லிம் அதிபர் ஆட்சிக்கு வருவதாகக் கற்பனை செய்யும் கதை. 2015 ஜனவரி 7, பாரிசில் சார்லி எப்டோ என்ற நையாண்டிப் பத்திரிகையின் அலுவலகத்தில் பயங்கரவாதிகள் புகுந்து கொலைகள் செய்த அதே நாளில் வெளிவந்த நாவல். அது பிரெஞ்சுப் படிப்பாளிகளைச் சாடும் நாவல் என்பார்கள், சரி, இருக்கட்டும். ஆனால் அதன் கதைசொல்லிக்கு இஸ்லாம் என்பது பேராசிரியர் பதவி, சம்பளம், மனைவிகள் என்ற கணக்காகத்தான் வந்து நிற்கிறது.

முஸ்லிம்களே எழுதினால் சரியாகிவிடும் என்றும் சொல்லப்படுகிறது. பாகிஸ்தானில் பிறந்த பிரிட்டிஷ் எழுத்தாளர் கமிலா ஷம்சியின் ‘ஹோம் ஃபயர்’ (2017) எனக்கு மிகவும் பிடித்த நாவல். லண்டன் விமான நிலையத்தில் இஸ்மா என்ற பிரிட்டிஷ் முஸ்லிம் பெண்ணை அதிகாரிகள் உட்காரவைத்து, பிரிட்டிஷ் ராணியைப் பற்றியும் தொலைக்காட்சிச் சமையல் போட்டியைப் பற்றியும் தற்கொலைப் படையினரைப் பற்றியும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள், அவள் விமானம் போய்விடுகிறது. வீண் கேள்விகள் வரக்கூடாது என்று பெட்டியில் குர்ஆன்கூட வைக்காமல் கிளம்பியவள் அவள், தொழுகிறவள், முக்காடு அணிகிறவள். அந்த ஒரு காட்சியில் இருக்கும் அவமானத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாவலிலும் அவள் தம்பி ஐ.எஸ். பக்கம் போன பிறகுதான் கதை வேகம் பிடிக்கிறது. அதை ஷம்சியின் குறை என்று சொல்ல மாட்டேன். பயங்கரவாதம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு முஸ்லிம் குடும்பம் ஆங்கில நாவலுக்குள் நுழைவதே கடினம் என்று ஆகிவிட்டது.

உங்கள் கட்டுரையில் சூடான் எழுத்தாளர் லைலா அபூலேலா பெயரே இல்லாததுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. 1999-ல் வந்த அவருடைய ‘தி டிரான்ஸ்லேட்டர்’ நாவலில், கணவனை இழந்த சூடான் பெண் சம்மர், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். இஸ்லாத்தைப் பற்றி எல்லாம் படித்த, ஆனால் முஸ்லிம் அல்லாத ரே என்ற அறிஞரைக் காதலிக்கிறாள். அவர் இஸ்லாத்துக்கு வர வேண்டும் என்று வேண்டுகிறாள், அப்புறம்தான் அவளுக்கு உறைக்கிறது, தான் வேண்டியது அவருக்காக அல்ல, தனக்காக என்று. அதன் பிறகு அவருடைய நன்மைக்காக மட்டும் வேண்டுகிறாள். ஒரு பெண் தன் பிரார்த்தனையிலேயே சுயநலம் இருப்பதைக் கண்டு கலங்குகிறாள், அதுதான் அந்த நாவலின் உச்சம். குண்டும் இல்லை, உளவாளியும் இல்லை. இப்படி ஒரு முஸ்லிமைக் காட்ட முடியும் என்று 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்பே ஒருவர் எழுதிக் காட்டிவிட்டார். 2005-ல் வந்த ‘மினரெட்’டிலும் லண்டனில் வீட்டுவேலை செய்யும் நஜ்வாவுக்குப் பள்ளிவாசல் ஓர் அடைக்கலம், அவ்வளவுதான்.

அடுத்த முறை இந்தப் பொருளில் எழுதும்போது இந்த இரண்டு நாவல்களுக்கும் இடம் கொடுங்கள், முடிந்தால் தனி மதிப்புரையே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி