ஒரு ஸ்ட்ராவுக்கு நீதிமன்றம் எதற்கு?

மாநிலச் சிறைத்துறைத் தலைமை அதிகாரிகளுக்கு வணக்கம்.

தேசியப் புலனாய்வு முகமை 2020இல் எல்கார் பரிஷத் வழக்கில் கைது செய்த சேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமியின் வழக்கு தாங்கள் அறியாததல்ல. திருச்சிப் பக்கம் பிறந்தவர். ஜார்கண்டில் விசாரணை முடியாமல் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்குப் போட்டவர். 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், விசாரணைக் கைதியாகவே இறந்தார். வழக்கின் சரி தவறுக்குள் இங்கே போகவில்லை. கையை நடுக்கும் நரம்பு நோயான பார்க்கின்சன் அவருக்கு இருந்தது. அதற்காகச் சிறையில் அவர் கேட்ட சிப்பர் என்ற உறிஞ்சு தம்ளரையும் ஸ்ட்ராவையும் பற்றித்தான் பேச்சு.

பார்க்கின்சன் நோயாளி தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிடும். கூச்சப்பட்டே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். அந்த நோயோடு வரும் மலச்சிக்கல் முற்றும். சிறுநீர்த் தொற்று வரும். முதியவருக்கு அதிலேயே புத்தி தடுமாறும். இந்நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரையைக் குறித்த நேரத்தில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, தண்ணீரோடு விழுங்க வேண்டும். பருப்போ பாலோ சேர்ந்தால் அதன் வேகம் குறையும். ஒரு வேளை தள்ளினால் உடம்பு விறைக்கும், தட்டைக்கூடப் பிடிக்க முடியாது. தேவை, மூடியும் இரண்டு கைப்பிடியும் உள்ள ஒரு சிப்பர், ஒரு ஸ்ட்ரா. விழுங்கவே சிரமப்படுபவருக்கு ஸ்ட்ராவாலும் புரையேறலாம். ஆகவே மருத்துவர் ஒரு முறை பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கைதின்போது எடுத்துக்கொண்ட சிப்பரையும் ஸ்ட்ராவையும் திருப்பித் தரும்படி 2020 நவம்பரில் ஸ்டேன் சுவாமி நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்லத் தேசியப் புலனாய்வு முகமைக்கு 20 நாள் ஆனது. பதில், அவற்றை நாங்கள் எடுக்கவில்லை, எங்களிடம் இல்லை. சரி, இல்லையென்றே இருக்கட்டும். பெட்டிக்கடையில் இருக்கிறதே?

அதே ஜார்கண்டில், சுரங்கத்துக்கு நிலமிழந்த சந்தால் பழங்குடி மக்களுக்காக நின்ற அருட்சகோதரி வல்சா ஜானை 2011இல் கும்பல் கொன்றது. அதற்கு ஆயுதம் வேண்டியிருந்தது. ஸ்டேன் சுவாமிக்கு வாய்தாவே போதுமானதாக இருந்தது. மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறோம்.

பார்க்கின்சன் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளது. கைதி உள்ளே வரும் அன்றே குறைபாட்டைக் கண்டறிய வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சிறைகளுக்குச் சொல்லியும்விட்டது. நாங்கள் கேட்பது அதற்கடுத்த படி. சேர்க்கைப் படிவத்தில் கைநடுக்கம், விழுங்கும் சிரமம், காது, கண், நடை என்று ஐந்து கட்டங்கள். எதில் குறியிட்டாலும், அதற்குரிய பொருளை அன்று மாலைக்குள் கண்காணிப்பாளரே தரலாம், நீதிமன்ற உத்தரவு வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை. கண்ணாடியோ செவிக்கருவியோ கைதியிடமே இருந்தால் அதை வாங்கி வைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கட்டும்.

உத்தரவு வேண்டாம் என்ற அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தயவுசெய்து இம்மாதமே வெளியிடுங்கள்.