கிரெனடியர்களுக்கு ஒரு வாசல் வேண்டும்

கனடா ராணுவத்தின் படைப்பிரிவுகளுக்கு வம்சாவளி எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எந்தப் படைப்பிரிவு எதன் வாரிசு, எந்தப் போரின் பெயர் எந்தக் கொடியில் வரலாம் என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். நான் வின்னிபெக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறவள். என் குடும்பத்தில் யாரும் ராணுவத்தில் இருந்ததில்லை. வின்னிபெக் கிரெனடியர்ஸ் என்ற பழைய படைப்பிரிவின் சிப்பாய் ஒருவர் விட்டுப்போன தகரப் பெட்டிக்காக உங்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு தடவை எழுதினேன். இந்த முறை என் மொழியில், எங்கள் ஆட்களும் படிக்கும்படி, வெளிப்படையாக எழுதுகிறேன்.

பெட்டி என் பொறுப்பில் இருக்கும் ஓர் அம்மாவுடையது. அவருக்கு வயது 87. ஒருநாள் மதியம் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, என் டப்பாவைத் திறந்தேன். சோறும் பருப்பும் வைத்திருந்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கள் வீட்டில் அரிசி சமைத்ததே இல்லை, அப்பா விடமாட்டார்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னார். அவருடைய அப்பா வின்னிபெக் கிரெனடியர்ஸ் ரெஜிமென்டில் சிப்பாய். ஹாங்காங்கில் பிடிபட்டு மூன்றே முக்கால் வருடம் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர். அங்கே சாப்பாடு என்றால் புழு கிடக்கும் அரிசி, அதுவும் ஒரு கை அளவு.

தரையில் சிந்திய பருக்கையைக்கூட என் பாட்டி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். சோற்றின் வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடும் ஒரு மனிதரை அன்றுதான் முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

அந்த அம்மா சொன்ன இன்னொன்று என் மனதை விட்டுப் போகவே இல்லை. அவருடைய அப்பாவுக்குப் பாதங்கள் எரியும். சத்தில்லாத உணவால் நரம்பு கெட்டு வருகிற நோய் அது. மின்சாரம் பாய்ந்தது போல வலிக்கும் என்பதால் முகாமில் அதற்கு 'மின்சாரப் பாதம்' என்றே பெயர். பச்சைத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்களாம். ஊருக்குத் திரும்பிய பிறகும் அது முழுதாக ஆறவில்லை. வின்னிபெக் ஜனவரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே மைனஸ் 30. அந்தக் குளிரிலும் அவர் கால் இரண்டையும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் படுப்பார். மகள் சின்னப் பெண். பாதி இரவில் எழுந்து வந்து, அப்பாவுக்குக் குளிருமே என்று போர்வையை இழுத்து மூடுவாள். அவர் அலறிக்கொண்டு எழுவார். 80 வருடம் ஆகிறது, அதைச் சொல்லும்போது அந்த அம்மா இன்னும் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்: "எனக்குத் தெரியவில்லையே, நான் மூடிவிட்டேனே."

பெட்டிக்குள் அப்பாவின் தொப்பிச் சின்னம் இருக்கிறது, சில கடிதங்கள் இருக்கின்றன, ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. நோட்டு நிறையச் சமையல் குறிப்புகள். பசித்துக் கிடந்த கைதிகள் ஒருவருக்கொருவர் தங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லிச் சொல்லி எழுதி வைத்துக்கொண்டவை. எத்தனை முட்டை, எவ்வளவு வெண்ணெய், அடுப்பில் எவ்வளவு நேரம் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். சமையலறைக்குள் காலே வைக்காத மனிதர் என்று மகள் சொல்கிறார்.

இந்தப் பெட்டியை அப்பாவின் ரெஜிமென்டிடம் சேர்த்துவிட வேண்டும். அந்த அம்மாவுக்கு இருக்கும் ஒரே ஆசை அதுதான். நானும் எளிதாக முடியும் என்று நினைத்தேன். ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள்: அந்த ரெஜிமென்ட் இப்போது செயலில் இல்லை, அதன் சார்பில் பொருள் வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது. இன்னோர் இடத்தில், தங்கள் சொந்தப் படைப்பிரிவின் வரலாற்றைச் சேர்ந்தவற்றை மட்டும்தான் எடுப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது இடத்திலிருந்து பதிலே வரவில்லை. யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மரியாதையான மூன்று வாசல்களிலும் நின்றுவிட்டுப் பெட்டியைத் திரும்பத் தூக்கி வந்தவள் நான். "கொடுத்துவிட்டாயா?" என்று கேட்டவரின் முகத்தைப் பார்த்தவளும் நான்தான்.

அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஆனாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

1908-இல் தொடங்கிய மிலிஷியா ரெஜிமென்ட் அது. பகலில் கடையிலும் ரயில்வேயிலும் வேலை, மாலையில் பயிற்சி, அப்படிப்பட்ட ஊர்க்காரர்களின் படை. 1914-இல் முதல் உலகப் போர் வந்ததும் அமைச்சர் சாம் ஹியூஸ், ஏற்கனவே இருந்த மிலிஷியா ரெஜிமென்டுகளை அப்படியே அனுப்பாமல், வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட புதுப் பட்டாலியன்களை உருவாக்கினார். வின்னிபெக் கிரெனடியர்கள் ஆட்களைக் கொடுத்தார்கள், ரெஜிமென்டாகப் போகவில்லை. போர் முடிந்ததும் அந்த எண்கள் எல்லாம் கலைக்கப்பட்டன. பிரான்சின் விமியிலும் ஆமியானிலும் செத்தவர்களின் பெருமை யாருக்குச் சேரும் என்ற கேள்வி அப்போதே வந்தது. ஜெனரல் ஆட்டர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, இந்த எண்ணுக்கு இந்த ரெஜிமென்ட் வாரிசு என்று பிரித்துக் கொடுத்தது. அப்படித்தான் 78-ஆம் பட்டாலியன் கிரெனடியர்களின் வம்சத்தில் சேர்ந்தது. போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற ஜேம்ஸ் டெய்ட், சாமுவேல் ஹனி இருவரும் அந்தப் பட்டாலியன்காரர்கள். 1918-இல் சில வார இடைவெளியில் இறந்துபோனார்கள்.

இரண்டாம் உலகப் போரில், 1941 அக்டோபர் 27 அன்று வின்னிபெக் கிரெனடியர்களும் கியூபெக்கின் ராயல் ரைஃபிள்ஸ் ஆஃப் கனடாவும் ஹாங்காங் போக வான்கூவரில் கப்பல் ஏறினார்கள். இரண்டுமே போருக்கு முழுப் பயிற்சி பெறாத படைகள் என்று ராணுவமே குறித்து வைத்திருந்தது. செவிலியர் இருவரையும் சேர்த்து 1,975 பேர். அவர்களுக்கு உரிய 212 வண்டிகள் வேறு கப்பலில் போயின, ஹாங்காங்கைப் போய்ச் சேரவே இல்லை. இறங்கி மூன்று வாரத்தில் ஜப்பானியரின் தாக்குதல் வந்தது. டிசம்பர் 19 அன்று மவுண்ட் பட்லரில் கம்பெனி சார்ஜென்ட் மேஜர் ஜான் ஆஸ்பார்ன், எதிரிகள் வீசிய கையெறிகுண்டுகளைப் பிடித்துப் பிடித்துத் திருப்பி எறிந்தார். எடுக்க முடியாத இடத்தில் ஒன்று விழுந்தபோது அதன்மேல் தானே விழுந்து தன் ஆட்களைக் காப்பாற்றினார். ஹாங்காங் போரில் கொடுக்கப்பட்ட ஒரே விக்டோரியா கிராஸ் அவருடையது. வோங் நை சங் கணவாயில் கிரெனடியர்களின் டி கம்பெனி மூன்று நாள் தாக்குப்பிடித்தது. தோட்டா தீர்ந்து, மிஞ்சியவர்கள் பெரும்பாலும் காயப்பட்ட பிறகுதான் டிசம்பர் 22 காலை கைவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங் சரணடைந்தது. போரிலும் சிறையிலுமாக 550-க்கும் மேற்பட்ட கனடியர்கள் திரும்பி வரவில்லை. ஷாம் ஷுய் போ முகாமில் டிப்தீரியா வந்து செத்தவர்கள் உண்டு. தப்ப முயன்று பிடிபட்ட கிரெனடியர்கள் நான்கு பேர் 1942-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டுச் சுரங்கத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை வாங்கப்பட்டார்கள்.

1960-களின் நடுவில் மிலிஷியாவைச் சுருக்கினார்கள். கிரெனடியர்களும் ராயல் ரைஃபிள்ஸும் துணைப் படைவரிசைப் பட்டியலுக்குப் போனார்கள். கலைக்கப்படவில்லை, ஆனால் ஆள் கிடையாது. இருக்கிறது என்று காகிதம் சொல்கிறது, கதவைத் தட்டினால் திறக்க யாரும் இல்லை.

இந்த இரண்டு ரெஜிமென்டுகளுக்கு மட்டும்தான் கனடாவில் 'ஹாங்காங்' என்ற போர்ப்பெருமை, அதாவது அந்தப் போரின் பெயரைத் தங்கள் கொடியில் போடும் உரிமை, உண்டு. இரண்டும் அந்தப் பட்டியலில் உறங்குவதால், இன்று அணிவகுத்துப் போகும் எந்தக் கனடியக் காலாட்படைக் கொடியிலும் அந்தப் பெயர் இல்லை. பிரான்சின் டியெப்பில் இதே மாதிரி அடிபட்ட எஸெக்ஸ் ஸ்காட்டிஷ் 1954-இல் கென்ட் ரெஜிமென்டோடு இணைக்கப்பட்டது. பெயர் மாறியது, பெருமை புதிய ரெஜிமென்டின் கொடிக்குப் போனது, இன்றும் அதைத் தூக்கிப் பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் வின்னிபெக்கிலேயே கேமரன் ஹைலாண்டர்ஸ் டியெப்பை நினைக்கிறார்கள், ராயல் வின்னிபெக் ரைஃபிள்ஸ் நார்மண்டியை நினைக்கிறார்கள். நினைக்கட்டும், அவர்கள் கொடுத்த விலை பெரியது. அதே ஊரின் மூன்றாவது படையை நினைக்க ஏன் சீருடை போட்ட ஒருவர்கூட இல்லை?

என் கோரிக்கை இதுதான். வின்னிபெக் கிரெனடியர்களை, இன்று உயிரோடு இருக்கும் ஒரு படைப்பிரிவின் வம்சாவளியில் சேருங்கள். ராயல் ரைஃபிள்ஸுக்கும் கியூபெக்கில் அப்படியே செய்யுங்கள்.

விதி இடம் கொடுக்காது என்று எனக்குப் பதில் வந்தால், இரண்டு விஷயங்களை நினைவுபடுத்துவேன். 1965-இல் இதே பட்டியலுக்குப் போன ஹாலிஃபாக்ஸ் ரைஃபிள்ஸ் 2009-இல் மறுபடி செயலுக்கு வந்தது. 2012-இல் அரசு, அமெரிக்காவோடு நடந்த 1812 போரில் சண்டையிட்டு எப்போதோ கலைந்துபோன படைகளை இன்றைய ரெஜிமென்டுகளின் வம்சத்தில் சேர்த்து, 200 வருடம் கழித்துப் போர்ப்பெருமைகளை அறிவித்தது. அந்தப் போரில் இருந்தவர்களின் மகளோ மகனோ அன்று யாரும் உயிரோடு இல்லை. கிரெனடியரின் மகள் இருக்கிறார், ஜன்னல் ஓரத்தில், மடியில் பெட்டியோடு. இருநூறு வருடத்துக்கு முன்னால் செத்தவர்களுக்கு வழி கண்டுபிடிக்க முடிந்தவர்களால் இவருக்கு ஒரு வழி கண்டுபிடிக்க முடியாதா?

இதை எழுதும்போது கோபம் வருகிறது, மறைக்கவில்லை. இந்த மனிதர்களுக்கு எல்லாமே தாமதமாகத்தான் கிடைத்தது. அடிமை வேலைக்கான இழப்பீடு என்று ஆளுக்கு 24,000 டாலர் ஒட்டாவாவிலிருந்து வந்தபோது வருடம் 1998. அதற்குள் பாதிக்கு மேல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஜப்பான் மன்னிப்புக் கேட்டது 2011 டிசம்பரில். ஒட்டாவாவில் பெயர்கள் பொறித்த நினைவுச் சுவர் எழுந்தது 2009-இல். மானிட்டோபா, போரில் இறந்தவர்களின் பெயரை 4,000-க்கும் மேற்பட்ட ஏரிகளுக்கும் தீவுகளுக்கும் வைத்திருக்கிறது. அது பெரிய காரியம், நான் வணங்குகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் போரில் விழுந்தவனுக்கு நடுகல் வைப்பார்கள். கல்லை நட்டதோடு விட்டுவிட மாட்டார்கள். வருடா வருடம் போய்ப் பூப்போட்டுப் படைக்க ஒரு குடும்பம் இருக்கும். ஏரி இருக்கிறது, சுவர் இருக்கிறது, இந்த ரெஜிமென்டுக்குப் படைக்கும் குடும்பம்தான் இல்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சங்கம் வைத்துத் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். அனுப்பியது அரசு. நினைப்பது மட்டும் ஏன் பிள்ளைகளின் வேலையாக வேண்டும்?

கிரெனடியர்கள் உறங்கினால் அவர்கள் மட்டும் உறங்கவில்லை என்பதையும் பாருங்கள். அவர்கள் வழியாக வந்த 78-ஆம் பட்டாலியனும் சேர்ந்து உறங்குகிறது. டெய்ட்டுக்கும் ஹனிக்கும் ஆஸ்பார்னுக்கும், மூன்று விக்டோரியா கிராஸ்காரர்களுக்கும், அவர்கள் வழிவந்த படை என்று சொல்லி ஆண்டுக்கு ஒருமுறை சல்யூட் அடிக்க ஒரு சிப்பாய் இல்லை.

கோபத்தில் வார்த்தை அதிகமாகியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் வேலை கடினமானது என்று தெரியும். ஒரு படைக்குக் கொடுத்தால் பட்டியலில் உள்ள மற்றவர்களும் கேட்பார்கள் என்ற கவலை உங்களுக்கு இருக்கலாம். கேட்கட்டும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலில் இதைப் பாருங்கள். வின்னிபெக் கிரெனடியர்களை உயிரோடு இருக்கும் ஒரு படைப்பிரிவின் வம்சத்தில் சேருங்கள் என்று பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். அதற்கு வருடக்கணக்கில் ஆகும் என்றால், அதுவரை இந்த ஊரில் ஏதாவது ஒரு ரெஜிமென்டைக் காப்பாளராக எழுத்தில் நியமியுங்கள். டிசம்பர் 25 அன்று ஐந்து நிமிடம் கொடி ஏந்தி நிற்கவும், ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுக்கவும் ஒருவர் இருந்தால் போதும்.

எனக்குச் செவ்வாயும் வியாழனும் பகல் வேலை. போனதும் அந்த அம்மா முதலில் கேட்பது, கடிதம் வந்ததா என்றுதான். எந்த வாசலுக்கு, எந்த நாளில், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். சக்கர நாற்காலியில் அவரையும் கூட்டிக்கொண்டு பெட்டியோடு நானே வருகிறேன்.

மரியாதையுடன்,
ஒரு முதியோர் இல்லப் பராமரிப்பாளர்
வின்னிபெக், மானிட்டோபா