கூட்டம் வந்தால் மட்டும் ஓட்டல் பிழைத்துவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவாவின் கேசினோ கப்பல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேசினோவுக்கு வரும் கூட்டத்தால் அக்கம்பக்கத்து ஓட்டல்களும் செழிக்கும் என்று அதில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வரும் கூட்டத்தை நம்பி மெஸ் நடத்துகிறவன் என்பதால், அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பணஜி எதிரே மாண்டவி ஆற்றில் நிற்கும் அந்தக் கப்பல்களுக்கு ஆட்களைப் படகில்தான் ஏற்றிப் போகிறார்கள். நுழைவுக் கட்டணத்திலேயே பஃபே சாப்பாடும் மதுவும் அடக்கம். உள்ளே போனவர் பசிக்கிறது என்று கரைக்கு வந்து மீன் சாப்பாடு கேட்கப் போவதில்லை. அமெரிக்க கேசினோக்களிலும் பெரிய தொகை வைத்து ஆடுகிறவர்களுக்கு அறையும் சாப்பாடும் இலவசம். சாப்பாட்டில் வரும் நஷ்டத்தை ஆட்ட மேசை ஈடுகட்டிவிடும். பக்கத்துத் தெரு ஓட்டல்காரருக்கு அந்த வசதி கிடையாது. அரிசி, எண்ணெய், கேஸ், மாஸ்டர் கூலி, வாடகை எல்லாவற்றையும் அவர் ஒரு சாப்பாட்டின் விலைக்குள்ளேயே எடுத்தாக வேண்டும்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்ததும் இதுதான். அந்தக் கடற்கரை ஊரைத் தூக்கி நிறுத்தப் போவதாகச் சொல்லித்தான் 1976-ல் மக்கள் வாக்கெடுப்பில் சூதாட்டத்துக்கு அனுமதி வாங்கினார்கள். 1978-ல் முதல் கேசினோ திறந்தது. கோடிக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். ஆனால் அடுத்த பத்து வருடங்களில் ஊரின் சொந்த ஓட்டல்கள் பல ஒவ்வொன்றாக மூடின. இன்னொரு பக்கம், கேசினோக்காரர்கள் நல்ல விலை தருவார்கள் என்று மனை வைத்திருந்தவர்கள் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு இடத்தைச் சும்மா போட்டு வைத்தார்கள். குடியிருந்தவர்களும் அவர்களை நம்பியிருந்த கடைகளும் கிளம்ப வேண்டியதாயிற்று. 2014-ல் ஒரே ஆண்டில் நான்கு கேசினோக்களை மூடியபோது, விட்ட இடத்தைப் பிடிக்க அந்தப் பழைய ஓட்டல்கள் பல ஊரில் இல்லை.

சீனாவின் மக்காவ் கதை வேறு மாதிரி. 2002-ல் கேசினோ தொழிலைப் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். 2006-லேயே சூதாட்ட வருமானத்தில் லாஸ் வேகாஸை முந்திவிட்டது. கூடவே கடை வாடகையும் ஏறியது. கேசினோ மேசையில் சீட்டுக்கட்டைப் பிரித்துப் போடும் வேலை உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் என்பது அங்கே விதி. நல்ல நோக்கம்தான், ஆனால் நூடுல்ஸ் கடையில் வேலை பார்த்த பையன் நல்ல சம்பளத்துக்கு மேசைக்குப் போய்விட்டால் கடைக்கு ஆள் எங்கிருந்து வரும்? வாடகையும் ஏறி, ஆளும் கிடைக்காமல் சின்னக் கடைகள் இரண்டு பக்கமும் அடிவாங்கின.

சரி, தமிழ்நாட்டில் கேசினோவே கிடையாதே, வேலூர்க்காரருக்கு இதில் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். எங்களிடம் இருப்பது இந்தக் கதையின் பாதி. கூட்டத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும் சூதாட்டக் கூடம் இல்லை. ஆனால் கூட்டத்தைக் காட்டி ஏற்றுகிற வாடகை தாராளமாக இருக்கிறது.

சி.எம்.சி. மருத்துவமனை நோயாளிகளை வெளியே விடாமல் பிடித்து வைப்பதில்லை. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் தோட்டப்பாளையத்திலும் பாபு ராவ் தெருவிலும் காந்தி ரோட்டிலும் லாட்ஜ் எடுத்துத் தங்கி, எங்கள் கடைகளில்தான் சாப்பிடுகிறார்கள். இவர்களுக்காகவே கடுகு அரைத்து மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டோம். மசூர் பருப்பு வாங்கி வைக்கிறோம். எங்கள் சப்ளையர் பையன் ஆம்பூர்க்காரன். வங்காளத்தில் விலை சொல்வான், பேரம்கூடப் பேசுவான். மதியம் கூட்டம் நெரிகிற நேரத்தில் ஒரு அம்மா மருந்துச் சீட்டை நீட்டி, உப்பும் காரமும் இல்லாமல் கொஞ்சம் குழைந்த சோறு வேண்டும் என்று சைகையில் கேட்பார். அடுப்பில் இருப்பதை நிறுத்திவிட்டு அதைத் தனியாக வடித்துப் பார்சல் கட்டித் தர வேண்டும். அதற்குப் பெரிய விலை வைக்க முடியாது, வைக்கவும் மனசு வராது. இது ஒரே நாளில் படிகிற பழக்கம் இல்லை. கடை ஒரே இடத்தில் சில வருடமாவது இருந்தால்தான் வரும்.

இருக்க விடுவதில்லை என்பதுதான் என் குறை. ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. முடிகிற நேரம் பார்த்து உரிமையாளர் வருவார், கடையில் நிற்கிற கூட்டத்தை ஒருமுறை பார்ப்பார், வாடகை ஏறும். கட்டடம் அதே கட்டடம், ஒழுகுகிற இடம்கூட அதே இடம். அவர் ஒருவரைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. தெரு முழுக்க இப்படித்தான். பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்கும் இடங்களும் உண்டு. கட்ட முடியாமல் ஒரு ஓட்டல் காலி செய்தால் அங்கே மெடிக்கல் ஷாப்போ செல்போன் கடையோ வருகிறது. அவர்களால் அந்த வாடகை தர முடியும், எங்களால் முடியாது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மாத வாடகை 50,000 ரூபாய், ஒரு சாப்பாட்டில் மற்ற செலவெல்லாம் போக நிற்பது 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் 5,000 சாப்பாடு வாடகைக்கே போய்விடும். அதோடு முடியவில்லை. ஜி.எஸ்.டி. பதிவுள்ள ஓட்டல்காரர் பதிவில்லாத உரிமையாளரிடம் வாடகைக்கு இருந்தால், வாடகை மீதான 18 சதவீத வரியை ஓட்டல்காரரே கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபர் 10 முதல் விதி வந்துவிட்டது. 50,000-க்கு அது 9,000 ரூபாய். மற்ற வியாபாரிகள் இதைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. கட்டும் ஓட்டல்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. ஆக இன்னும் 900 சாப்பாடு. சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பிறகு விலக்கு கொடுத்தார்கள். எங்களைப் போன்ற மற்றவர்களுக்கும் அது வேண்டும்.

1960-ம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி மனு போட வழி இருந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் எல்லாமே ஒப்பந்தப்படிதான். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர என்றும் இருக்கிறது. கடை வேண்டி நிற்பவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்? உரிமையாளர்களுக்கும் பழைய சட்டத்தில் கஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உணவுக் கடைகளுக்காவது குறைந்தது ஐந்து வருட ஒப்பந்தமும், வருடத்துக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்ற வரம்பும் சட்டத்தில் வர வேண்டும்.

வேலூர் மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். சொந்தக் கட்டடக் கடைகளை அதிக ஏலம் கேட்டவருக்கே விட்டால் மாநகராட்சியும் சேர்ந்து வாடகையை ஏற்றிவிடுகிறது என்றுதான் அர்த்தம். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள பகுதியில் சில கடைகளையாவது சின்ன ஓட்டல்களுக்கென்று ஒதுக்கி, நிலையான வாடகைக்குத் தர வேண்டும். சாப்பாட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்தே தரட்டும், அதற்கு நாங்கள் சம்மதிப்போம்.

உங்கள் நிருபர் அடுத்த முறை கோவா போனால், கப்பல் நிர்வாகத்தோடு பணஜி கரையில் ஓட்டல் வைத்திருப்பவர்களிடமும் வாடகை எவ்வளவு, போன வருடம் எவ்வளவு என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அப்படியே ஒரு மதிய நேரத்தில் பாபு ராவ் தெருவுக்கும் அனுப்புங்கள். கணக்கு நோட்டைக் காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு மெஸ் நடத்துபவர்,
தோட்டப்பாளையம், வேலூர்.