காதடைப்பானைப் பையில் போட்டுக்கொள்ளும் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மை பிளடி வேலன்டைன், ஸ்வான்ஸ், சன் (Sunn O)))) மாதிரி பெரும் சத்தத்துக்குப் பேர்போன ராக் குழுக்களின் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கும் நண்பர்களுக்கு, அரங்கின் ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் ஒலிப்பலகையில் வேலை பார்க்கும் நாங்கள் எழுதுவது.

வாசலில் தரும் ஃபோம் காதடைப்பானை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "சத்தத்தை முழுசாக் கேக்கத்தானே வந்தோம்" என்று உள்ளே போய்விடுகிறீர்கள். 2008-இல் மை பிளடி வேலன்டைன் மீண்டும் மேடையேறியபோது ரசிகர்களுக்குக் காதடைப்பான் கொடுத்தார்கள். பயந்த சுபாவக்காரர்களுக்கான சலுகை அல்ல அது. அவர்களின் 'யூ மேட் மீ ரியலைஸ்' பாட்டின் நடுவே மெட்டு நின்றுபோய், வெறும் இரைச்சல் மட்டும் இருபது நிமிடம் வரைகூட நீளும். காது 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் (NIOSH) வேலையிடங்களுக்கு வகுத்த கணக்கு. 100-இல் 15 நிமிடம். 112-இல் ஒரு நிமிடம்கூடத் தேறாது. அடைப்பான் 18 டெசிபலைக் குறைத்தால் அதே 112 காதுக்குள் 94 ஆகிறது, ஒரு மணி நேரம் கிடைக்கிறது.

நாங்களே குறைத்து வைக்கலாமே என்பீர்கள். சின்ன அரங்கில் கிட்டார் ஒலியில் பெரும்பங்கு மேடை ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராக வருகிறது. பலகையில் ஒலியளவுக் குமிழான ஃபேடரை அடிமட்டத்துக்கு இழுத்தாலும் அது அடங்காது. வால்வு ஆம்ப் திணறினால்தான் அந்தக் கரகரப்பு பிறக்கும். ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்றதிர்வு கிட்டார் கம்பியையே உலுக்கினால்தான் ஃபீட்பேக் என்ற அந்த ஊளை அறாமல் நீடிக்கும். குறைத்தால் வேறு இசைதான் வரும்.

பலர் அடைப்பானைக் காதின் வாயிலில் ஒட்டவைத்துவிட்டு "ஒண்ணும் குறையலையே" என்கிறார்கள். கை சுத்தமாக இருக்கட்டும். சுருக்கம் விழாமல், மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். வலது காதென்றால் இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த துளை நேராகும். உடனே உள்ளே தள்ளி, விரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு உள்ளங்கையால் காதைப் பொத்திப் பாருங்கள். சத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தால் அடைப்பு சரியில்லை, எடுத்து மறுபடி உருட்டுங்கள். இதையெல்லாம் முதல் பாட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பஞ்சும் டிஷ்யூவும் வேலைக்கு ஆகாது.

ஃபோம் மேல்சுரங்களை அதிகம் விழுங்கும் என்ற குறை நியாயமானதே. எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் ஃபில்டர் வைத்த அடைப்பான் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிவிடுங்கள். அளவு மீறிய ஒலியில் காதே ஒலியைச் சிதைக்கும். அடைத்த காதில் கிட்டார் அடுக்குகள் பிரிந்து கேட்கும். தாழ்ந்த சுரம் நெஞ்சிலும் பாதத்திலும் ஏறுவதை எந்த அடைப்பானும் தடுக்காது. சன் குழுவுக்குப் போவதே அதற்காகத்தானே?

நிற்கும் இடமும் முக்கியம். கிட்டார் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே மேல்சுரம் கற்றையாகப் பாய்கிறது, அங்கே வேண்டாம். சுவரோரமும் மூலையும் பாஸ், அதாவது தாழ்ந்த சுரம், தேங்கும் இடங்கள். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். ஒலி குழம்பினால் இரண்டு மீட்டர் நகர்ந்து பாருங்கள், வேறு கச்சேரி மாதிரி இருக்கும். ஒலிப்பலகைக்குப் பக்கத்தில் நின்றால் நாங்கள் கேட்பதையே கேட்பீர்கள்.

போன் ஆப்பைக் காட்டி எங்களிடம் வாதாட வராதீர்கள். ஆப் பெரும்பாலும் தாழ்ந்த சுரங்களைக் குறைத்துக் கணக்கிடும் ஏ அளவீட்டில் காட்டும்; 63 ஹெர்ட்ஸில் அது 26 டெசிபலைக் கழித்துவிடுகிறது. பிரான்ஸ் 2017-இல் கொண்டுவந்த விதி 15 நிமிடச் சராசரிக்கு ஏ அளவில் 102 டெசிபல், பாஸை அதிகம் கழிக்காத சி அளவில் 118 டெசிபல் என்று இரண்டு வரம்பு வைத்ததும் பாஸ் இப்படித் தப்பிவிடுவதால்தான்.

முடிந்ததும் அடைப்பானைத் திருகி மெதுவாக எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை வலிக்கும். மறுநாளும் காதிரைச்சல் தீராவிட்டாலோ, ஒரு காது மட்டும் மந்தமானாலோ, வார இறுதி வரை பொறுத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பலகைக்காரர்கள்