வெளுத்துப்போன வரிச் சீட்டும் ஒரே ஒரு தாளும்

நெல்லைச் சீமையின் உள்ளாட்சி அலுவலகங்களில் வரிப் பிரிவைப் பார்த்துவரும் அதிகாரிகளுக்கும் அலுவலர்களுக்கும், வணக்கம்.

பெங்களூரில் 19 வருடம் இருந்துவிட்டு, போன வருடம் கணவரோடும் மகளோடும் தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தவள் நான். அப்பா காலமான பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாக இருந்தார். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. ஒரு ஊழியரை மாட்டிவிடுவது என் எண்ணம் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஊருக்குக் குடிவருகிறவர் என்னென்ன வரி கட்ட வேண்டும், யாரிடம், எந்தத் தேதிக்குள், என்னென்ன காகிதத்தோடு என்று தமிழில் ஒரு தாள் அச்சடித்து உங்கள் அலுவலக வாசலில் ஒட்டுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டுச் சொத்து வரி இன்னும் தாத்தா பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. அதை அம்மா பெயருக்கு மாற்றலாம் என்று போனோம். பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்ட வேண்டும் என்றார்கள். சரி, நியாயம்தான். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு இரண்டு அரையாண்டு நிற்கிறது என்றார்கள். அம்மா கட்டியிருந்தார். ஒரு அரையாண்டைக்கூட அவர் விட்டதில்லை.

அம்மா வரிச் சீட்டுகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். அடியில் கிடப்பவை தாத்தா காலத்தவை. ஊதா கார்பன் எழுத்து, மூலையில் முத்திரை, ஓரமெல்லாம் பழுப்பு. இன்றைக்கும் கண்ணாடி போடாமல் படிக்கலாம். மேலே கிடப்பவை மிஷினில் அடித்துக் கிழித்துக் கொடுத்த வழவழப்பான சீட்டுகள். மூன்றாவது முறை போனபோது அம்மா அந்த டப்பாவையே மஞ்சப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, ஜன்னலுக்குப் போய், டப்பாவைத் திறந்து, அந்த இரண்டு சீட்டையும் தேடி எடுத்து நீட்டினார். இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு எழுத்து இல்லை. அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“இதுல எழுத்து இருந்துச்சு தம்பி. நாந்தான் வாங்கி வச்சேன்.”

“வெள்ளைத் தாளைக் காட்டுனா நான் என்னம்மா செய்ய?”

அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் திரையில் இருப்பதைத்தான் பார்க்க முடியும். ஆனால் 71 வயதில், பின்னால் இருபது பேர் நிற்க, தான் பொய் சொல்லவில்லை என்று என் அம்மா நிரூபிக்க வேண்டியிருந்தது. முடியவில்லை. இரண்டு அரையாண்டையும் தாமதத்துக்கான தொகையோடு மறுபடியும் கட்டினோம். வீட்டுக்கு வந்து அம்மா பேசவே இல்லை. டப்பாவிலிருந்து வெளுத்த சீட்டுகளை எல்லாம் தனியாகப் பொறுக்கி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைத்தார். ஒன்பது சீட்டு இருந்தது. தூக்கிப் போடச் சொன்னேன். மனசு வரவில்லை அவருக்கு.

சூடு பட்டால், வெளிச்சம் பட்டால் அந்த மிஷின் தாளின் எழுத்து போய்விடும், வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்கும் தாளில் இந்த ஒரு வரியும் வேண்டும். நெல்லை வெயிலில் ஒரு தகர டப்பாவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் பெயர் மாற்றம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், கடைசி வரிச் சீட்டு என்று ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். முதல் நாளே நான்கையும் சொல்லியிருந்தால் நான்கு நடை ஒரு நடையாகியிருக்கும். பட்டாவை அப்பா எப்போதோ தன் பெயருக்கு மாற்றிவிட்டார். பட்டா மாறினால் வரியும் தானாக மாறிவிடும் என்று கடைசிவரை நம்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. பத்திரம் சார்பதிவாளரிடம், பட்டா தாலுகா ஆபீஸில், வீட்டு வரி உள்ளாட்சியில், கரண்ட் இணைப்பு மின்வாரியத்தில். ஒரே வீட்டுக்கு நான்கு இடத்தில் பெயர் மாற்ற வேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது?

தேதிகளும் அப்படித்தான். வயலுக்குக் கட்டும் தீர்வை பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்கு, அது ஜூலை 1-ல் தொடங்கும். கட்டுவது கிராம நிர்வாக அலுவலரிடம். வீட்டு வரி ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு அரையாண்டு. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தள்ளிப்போனால் மாதம் 1 சதவீதம் ஏறும். அம்மா இத்தனை வருடமும் அரையாண்டு முடியும் கடைசி மாதத்தில், பென்ஷன் பணத்தில் சேர்த்து வைத்துக் கட்டியவர். ஊக்கத்தொகை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. 2022-ல் வரி உயர்ந்தபோதும் என்ன கணக்கு என்று புரியாமலே கட்டினார். 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்பது கணக்கு. எங்கள் வீடு 1,100 சதுர அடி, பாதி கூடியிருக்கிறது. இதை நான் சொன்ன பிறகுதான், “அப்ப எல்லாருக்கும் ஏத்துனதுதானா, நமக்கு மட்டும் இல்லையா?” என்று கேட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் அந்தச் சந்தேகத்தை மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

நானும் ஒன்றும் தெரிந்தவள் இல்லை. பெங்களூரில் வாடகை வீடு. வரி என்றால் சம்பளச் சீட்டில் மாதம் 200 ரூபாய் தொழில் வரி பிடிப்பார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அங்கே அது மாநில அரசுக்குப் போகிறது. இங்கே என் கணவர் செல்போன் பழுது பார்க்கும் கடை போட்ட மூன்றாவது மாதம் ஒருவர் வந்து தொழில் வரி கேட்டார். யாரோ ஏமாற்ற வந்திருக்கிறார் என்று பயந்து இவர் திருப்பி அனுப்பிவிட்டார். தமிழ்நாட்டில் தொழில் வரியை உள்ளாட்சியே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருமானத்துக்கு ஏற்றபடி வாங்கும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கடை உரிமம் வேறு, தொழில் வரி வேறு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒருவரிடம் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவே சொல்கிறது. இதையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கேட்க வருகிறவருக்கும் மரியாதை, கொடுக்கிறவருக்கும் தைரியம்.

கர்நாடக நம்பர் வண்டியோடு வந்தது தனிக் கதை. அது உங்கள் துறை இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் நம்பர் மாற்ற வேண்டும், அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி வர வேண்டும், இங்கே வாழ்நாள் வரி புதிதாகக் கட்ட வேண்டும், அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். ஊர் மாறி வருகிற எல்லாருக்கும் இருக்கிற பாடு இது. உங்கள் தாளின் அடியில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கினால், “ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள்” என்று மட்டும் போட்டால்கூட, பெரிய உபகாரம்.

நாங்கள் வரி கட்டத் தயங்குகிறவர்கள் இல்லை. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வருகிறது, ரூபாய்க்குப் பத்து பைசா. 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி வருவது அது. பள்ளியில் படிக்கும்போது பாளையங்கோட்டை மைய நூலகத்தில் சனிக்கிழமை சனிக்கிழமை உட்கார்ந்து படித்தவள் நான். அந்தப் பத்து பைசா எங்கே போகிறது என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன், அவருக்கும்தான். எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்தால் மனுஷன் மனசாரக் கட்டுவான். தெரியாதபோது ஜன்னலுக்கு முன்னால் குற்றவாளி மாதிரி நிற்கிறான்.

ஆன்லைனில் எல்லாம் இருக்கிறது என்று சொல்வீர்கள். இருக்கிறது, நானும் இப்போது அதில்தான் கட்டுகிறேன். ஆனால் வரி விதிப்பு எண் தெரிந்தால்தான் அதற்குள் போக முடியும். அந்த எண்ணே வெளுத்த சீட்டில் இருந்தால் என்ன செய்ய? எங்கள் தெருவில் பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, தனியாக இருக்கும் அம்மாக்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஜன்னலுக்குத்தான் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் பையிலிருந்து ஒரு டப்பாவோ கவரோ எடுத்து நீட்டுகிறார்கள்.

சற்று கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். ஒரு தாள், தமிழில், பெரிய எழுத்தில், நிற்கிறவர் கண்ணுக்கு நேராக. என்ன வரி, யாருக்கு, எப்போது, என்னென்ன காகிதம். அச்சடிக்கும் செலவு கஷ்டம் என்றால் என் கணவர் கடையிலேயே அடித்துத் தருகிறோம்.

அக்டோபர் 1-ஆம் தேதி அடுத்த அரையாண்டு தொடங்குகிறது. இந்த முறை முதல் வாரத்திலேயே கட்ட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். நான் ஆன்லைனில் கட்டுகிறேன் என்றால் கேட்பதில்லை, நேரில்தான் வருவாராம். ஜெராக்ஸுக்கு இரண்டு ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். அவர் வரும்போது அந்தத் தாள் சுவரில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையிலிருந்து,
வீட்டு வரியும் தொழில் வரியும் கட்டிவரும் ஒரு குடும்பத்தின் மகள்